பைத்தானில் தசம எண்களும் கணிதச் செயற்கூறுகளும்: தோல் அளவை வைத்து ஒரு பயிற்சி

ஆம்பூர், பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டை வட்டாரங்களில் பதனிட்ட தோலைச் சதுர அடிக் கணக்கில் அளந்து விற்கிறார்கள். ஓர் ஆட்டுத்தோல் 4.35 சதுர அடி வருவது அங்கே இயல்பு. வேலூர்ப் பக்கத்துக் கல்லூரிகளில் முதன்முதலாகப் பைத்தான் என்னும் நிரல்மொழியைக் கற்பவர்களுக்கு இந்தக் கணக்கு நன்கு பொருந்தும்.

முதலில், பைத்தானைத் திறந்து 4.35-ஐ 100-ஆல் பெருக்குங்கள். சதுர அடி 100 ரூபாய் என்றால் 435 வர வேண்டும். திரையில் வருவதோ 434.99999999999994. இது பைத்தானின் கோளாறு அன்று. ஃப்ளோட் எனப்படும் தசமப் புள்ளி எண்கள், கணினிகளில் இவ்வகை எண்களுக்காக 1985-இல் வெளியான ஐஈஈஈ 754 தர வரையறையை ஒட்டி, 64 பிட்டுகளில் இரும எண்களாகச் சேமிக்கப்படுகின்றன. நம் பழைய கணக்கிலுள்ள அரை, கால், அரைக்கால், வீசம் ஆகியவை ஒவ்வொன்றும் முந்தையதன் பாதி என்பதால் இரும முறையில் துல்லியமாக அடங்கிவிடும், 0.35 அப்படி அடங்காது. ஆகவே 4.35-க்கு மிக அருகில் உள்ள, அதைவிட இம்மியளவு குறைந்த எண்ணே நினைவகத்தில் இருக்கிறது.

அடுத்து, இந்த விடையை முழு எண்ணாக்குவோம். இங்கேதான் கவனம் மிகுதியாக வேண்டும். செயற்கூறு என்பது கொடுத்த எண்ணை வைத்து ஒரு வேலையைச் செய்து விடை தரும் நிரல் பகுதி. இன்ட் செயற்கூறு தசமப் பகுதியை வெட்டிவிடுவதால் 434 கிடைக்கும். ஒரு ரூபாய் போய்விடும். ரவுண்ட் செயற்கூறு அருகிலுள்ள முழு எண்ணான 435-ஐத் தரும். ஆனால் ரவுண்டுக்கு 2.5-ஐக் கொடுத்தால், பள்ளியில் படித்தபடி 3 வராமல் 2 வரும், 3.5-ஐக் கொடுத்தால் 4 வரும். சரிபாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுசெல்வது பைத்தான் 3-இன் விதி.

இனி 'இம்போர்ட் மேத்' என்ற கட்டளையைக் கொடுத்துக் கணிதத் தொகுதியை வரவழையுங்கள். அதிலுள்ள ஃப்ளோர் கீழுள்ள முழு எண்ணையும், சீல் மேலுள்ளதையும் தரும். அளவு வேறுபாடு -0.3 என வந்தால் ஃப்ளோர் -1 தரும், இன்ட் 0 தரும். குறை எண்களில் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளக் கூடாது.

வர்க்கமூலச் செயற்கூற்றின் பெயர் எஸ், கியூ, ஆர், டி என்னும் நான்கு எழுத்துகள். அதைக் கொண்டு 2-இன் வர்க்கமூலத்தைக் கண்டு, அதை அதனாலேயே பெருக்கினால் 2.0000000000000004 வரும். இதை 2-உடன் இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் 'ஃபால்ஸ்' என்றே விடை வரும் என்பதால், ஃப்ளோட் எண்களை ஒப்பிட ஐஸ்குளோஸ் செயற்கூற்றையே பயன்படுத்துங்கள். அது இயல்பாக நூறு கோடியில் ஒரு பங்கு வரையிலான வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளும். பூச்சியத்துடன் ஒப்பிடும்போது மட்டும் அனுமதிக்கும் வேறுபாட்டை நீங்களே தனியாகக் குறிப்பிட வேண்டும்.

பல துண்டுகளின் அளவைக் கூட்டும்போது இம்மிப் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். 0.1-ஐ ஒரு சுழற்சியில் பத்து முறை கூட்டினால் 0.9999999999999999 கிடைக்கும், அதே எண்களைப் பட்டியலாக எஃப்சம் செயற்கூற்றிடம் கொடுத்தால் 1.0 கிடைக்கும். இடையிடையே ரவுண்ட் செய்யாமல், முழுத் தொகையும் வந்தபின் ஒரே ஒரு முறை செய்யுங்கள். பரப்பளவுக்கு ஃப்ளோட் போதும். விற்பனைப் பட்டியலில் ஏறும் பணத்தைப் பைசாவாக மாற்றி முழு எண்ணாகவே வைத்துக்கொள்ளுங்கள்.