மாவு கிரைண்டருக்குக் கடன் கிடைத்த கதை

அருப்புக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். வீட்டுக் கிரைண்டர் திணறியது. பத்து லிட்டர் டில்டிங் கிரைண்டர் (சாய்த்து மாவை வழிக்கும் வகை) வாங்க நாற்பதாயிரம் தேவை. வங்கியில் கடை முகவரியும் வருமானக் கணக்கும் கேட்டார்கள். திண்ணையில் அரைப்பவளுக்கு ஏது கடை? வட்டிக்கு விடுபவரோ நூற்றுக்கு ஐந்து ரூபாய் சொன்னார்.

கையில் வெண்ணெய் இருந்தது எனக்குத் தோன்றவே இல்லை. நான் ஏழு வருஷமாக மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிறேன். பிரதமரின் உணவு பதப்படுத்தும் குறுநிறுவனத் திட்டத்தில், உணவுத் தொழில் செய்யும் குழு உறுப்பினருக்கு 40,000 ரூபாய் வரை விதைமூலதனம், அதாவது சிறு கருவி வாங்கவும் தொழில் நடத்தவும் பணம், இருந்தது. பணம் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு, குழு வழியாகக் கடனாக வந்தது.

சிக்கல், குழுக் கூட்டங்களைப் பதியும் எங்கள் தீர்மான நோட்டில். மூன்று கூட்டங்களுக்குக் கையெழுத்தே இல்லை.

"மதினி, பழைய தேதி போட்டு எழுதிருவோமா?" என்றாள் கணக்கெழுதும் பெண்.

"வேண்டாம் தாயி, நடக்கலைன்னா நடக்கலைன்னே எழுது."

அதன்பின் வாராவாரம் கூடினோம். சேமிப்பு, குழுவுக்குள் கொடுத்த உள்கடன், தவணை எல்லாம் பாஸ்புத்தகத்தோடு ஒத்துப்பார்த்தோம். இடையில் சிறுதொழிலுக்கான அரசின் உத்யம் பதிவை ஆதாரை வைத்து இலவசமாகவே முடித்தேன். வெளியே அதற்கு ஐந்நூறு கேட்டார்கள், அநியாயம்!

நான்காம் மாதம் பணம் வந்தது. வட்டி நூற்றுக்கு ஒரு ரூபாய். கிரைண்டர் கல்லை முதலில் தவிடு போட்டு அரைத்துக் கழுவினோம். மறுநாள் விடியற்காலை எட்டுப் படி அரிசி ஊறிக்கொண்டிருந்தது.