சென்னை–டர்பன்: தூரத்தைவிட நேரத்தைக் கணக்குப் போடுங்கள்

தென்னாப்பிரிக்காவில் இருக்கும் டர்பனுக்கு வேலைக்கு வரும் நம் ஆட்கள் பெரும்பாலும் கேட்பது, "அவசரம்னா ஊருக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்?" என்பதுதான்.

சென்னைக்கும் டர்பனுக்கும் நேர்கோட்டில் சுமார் 7,100 கிலோமீட்டர். ஆனால் நேரடி விமானம் கிடையாது. துபாயில் மாறி வந்தால் 9,500 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். சென்னை–துபாய் நாலு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், துபாய்–டர்பன் எட்டரை மணி நேரம். இடையில் மூன்று மணி நேரம் காத்திருந்தால் மொத்தம் 16 மணி நேரம். 1860-இல் ட்ரூரோ கப்பலில் மெட்ராஸிலிருந்து கிளம்பிய முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு இதே பயணம் ஒரு மாதத்துக்கு மேல் பிடித்தது.

டிக்கெட்டில் போட்டிருப்பது அந்தந்த ஊர் நேரம். இந்தியாவைவிடத் தென்னாப்பிரிக்கா மூன்றரை மணி நேரம் பின்தங்கியது. விடிகாலை 4 மணிக்குச் சென்னையில் ஏறி மாலை 4.30-க்கு டர்பனில் இறங்கினால் பன்னிரண்டரை மணி நேரம்போலத் தெரியும், உண்மையில் 16. திரும்பும்போது அதே பயணம் பத்தொன்பதரை போலக் காட்டும். வீட்டுக்குப் போன் பண்ணும்போதும் இது நினைவிருக்கட்டும்: இங்கே இரவு 8 என்றால் அம்மாவுக்கு 11.30.

ஜோகன்னஸ்பர்க் வழியாக டிக்கெட் மலிவாகக் கிடைக்கலாம். அங்கே குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி பெட்டியைப் போட வேண்டும். குடியேற்ற வரிசை சில நாள் மிக நீளம். குழந்தைகளோடு வருபவர்கள் மூன்று மணி நேரமாவது இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது நேராக டர்பனில் இறங்குவது நல்லது. அடிஸ் அபாபா, நைரோபி வழியாக வருவதென்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். சான்றிதழ் செல்லுபடியாகப் பத்து நாள் ஆகும் என்பதால் கடைசி நேரத்துக்குத் தள்ளிப்போட வேண்டாம்.

டர்பனின் கிங் ஷாக்கா விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே சுமார் 35 கிலோமீட்டர். வெருலம், டோங்காட் பக்கம் வீடு என்றால் பக்கம்தான்; சாட்ஸ்வொர்த் என்றால் ஊரைத் தாண்டிப் போக வேண்டும்.

அப்புறம், சொல்லச் சங்கடமான ஒன்று. ஊரில் வயதான அப்பா அம்மா இருந்தால், இங்கிருந்து வீடு போய்ச் சேரக் குறைந்தது ஒரு முழுநாள் ஆகும் என்று அண்ணன் தம்பிகளிடம் இப்போதே சொல்லிவையுங்கள். டிக்கெட் கிடைக்கத் தாமதமானால் ஒன்றரை நாள்கூட ஆகலாம். நாம் வரும்வரை ஃப்ரீசர் பாக்ஸில் வைத்திருப்பார்களா, காத்திருக்காமல் எடுத்துவிடுவார்களா என்பதை முன்கூட்டியே பேசிக்கொண்டால், அந்த நேரத்தில் போனில் அழுதுகொண்டே வாதாட வேண்டியிருக்காது. ஒரு டிக்கெட்டுக்கான பணத்தைத் தொடாமல் தனியாக வையுங்கள். விசா தேதியையும் அடிக்கடி பாருங்கள்: முடிந்துபோன விசாவோடு கிளம்பினால் திரும்பி வரத் தடை விழும்.