மோரிஸ் மைனருக்குப் பெரிய எஞ்சினா? முதலில் முன்பக்கத்தைக் கவனியுங்கள்

பினாங்கில் பழைய மோரிஸ் மைனர் காரை ஆசையாக வைத்திருப்பவர்கள் பெரிய எஞ்சின் போடக் கேட்கிறார்கள். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதியை முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

பழைய எஞ்சினைக் கழற்றும் முன், முன்சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள். புது எஞ்சின் ஏறியதும் மறுபடி அளந்தால், எவ்வளவு தாழ்ந்தது என்று தெரியும்.

இந்த வண்டியின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் இல்லை; முறுக்குக் கம்பிதான், அதாவது டார்ஷன் பார். பலர் அதைக் கூடுதலாக முறுக்கி உயரத்தை மட்டும் சரிசெய்துவிடுகிறார்கள். உயரம் வந்துவிடும், ஆனால் கம்பியின் விறைப்பு அதிகரிக்காது. பாயா தெருபோங் வளைவுகளில் வண்டி சாயத்தான் செய்யும். கம்பியே தடிமனாக வேண்டும். விட்டம் 10 சதவீதம் கூடினால் விறைப்பு ஏறக்குறைய 46 சதவீதம் கூடும். அதனால் அளவாகப் போங்கள். ஓடிய கம்பிகளை இடம் வலம் மாற்றிப் பூட்டாதீர்கள். ஒரு பக்கம் முறுகிப் பழகியது மறுபக்கம் உடையலாம்.

அப்புறம், குலுக்கலை அடக்கும் பழைய லீவர் அப்சார்பர் விறைப்பான கம்பிக்குத் தாங்காது. குழாய் வகை அப்சார்பருக்கு மாறுவது நல்லது.

மைனரின் எஞ்சின் குடும்பத்தையே சேர்ந்த 1275 சிசி ஏ சீரிஸ் என்றால் எடை பெரிதாக ஏறாது. அங்கே டிஸ்க் பிரேக்தான் முதல் செலவு.

எந்த எஞ்சினானாலும் முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ் மூட்டான ட்ரன்னியனின் மரைகளைப் பாருங்கள். தேய்ந்திருந்தால் சக்கரமே மடங்கிவிடும். கிரீஸ் அடிக்கத் தவறாதீர்கள்.