மெதுவாக நடந்தால் வாட்ச் நின்றுவிடுகிறதா? ஆட்டோ பாஸை அமைக்கும் முறை

லால்பாக்கில் ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி, பாறை மேல் கெம்பேகவுடா கோபுரம் வரை ஏறி இறங்கினீர்கள். புறப்பட்டு ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. கையில் கட்டிய ஜிபிஎஸ் வாட்ச்சோ 47 நிமிடம் என்கிறது, தூரமும் குறைச்சல். வாட்ச் பழுதாகவில்லை. நீங்கள் நடந்துகொண்டிருக்கும்போதே 'நின்றுவிட்டார்' என்று முடிவுகட்டி, டைமரை நிறுத்தியிருக்கிறது. இதுதான் ஆட்டோ பாஸ் (Auto Pause), அதாவது நீங்கள் நின்றால் டைமரைத் தானாக நிறுத்தும் வசதி. ஓடுபவர்களும் சைக்கிள் ஓட்டுபவர்களும் சிக்னலில் நிற்கிற நேரத்தைக் கழிப்பதற்கு மிக நல்ல வசதி. மெதுநடைக்கும் படியேற்றத்துக்கும் அதை அப்படியே விட்டுவைக்கக் கூடாது.

காரணம் வேகம். திறந்த வெளியில்கூட ஜிபிஎஸ் உங்கள் இடத்தைச் சில மீட்டர் தள்ளித்தான் குறிக்கும். நொடிக்கு 3 மீட்டர் ஓடுகிறவருக்கு அந்தப் பிழை பெரிதில்லை. மணிக்கு 3 கிலோமீட்டர் நடக்கிற பெரியவர் நொடிக்கு 0.83 மீட்டர்தான் நகர்கிறார். கப்பன் பார்க்கில் மூங்கில் புதர்களுக்கு அடியில் போகும்போது சிக்னல் சிதறும். அவர் நகர்கிறாரா நிற்கிறாரா என்று வாட்ச்சுக்குப் பிடிபடாது. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். இளநீர்க் கடையில் அசையாமல் நின்றாலும் புள்ளிகள் அங்குமிங்கும் துள்ளும், வாட்ச் நடை தொடங்கிவிட்டதாக எண்ணி, நடக்காத தூரத்தைச் சேர்த்துவிடும்.

படி ஏறும்போது நிலைமை இன்னும் மோசம். நந்தி மலைப் படிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு படியின் அகலம் 30 செ.மீ., நொடிக்கு ஒரு படி என்று வைத்தால், கிடைமட்ட வேகம் மணிக்கு 1 கி.மீ. சொச்சம்தான். மூச்சு வாங்கும், இதயம் அடித்துக்கொள்ளும், வாட்ச் மட்டும் நீங்கள் நிற்பதாகவே நினைக்கும். சில வாட்ச்சுகள் கை வீச்சையும் சேர்த்துப் பார்க்கின்றன. அவற்றைக் கட்டியிருப்பவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து ஏறினாலோ, குழந்தை வண்டியைத் தள்ளிப் போனாலோ அந்த வழியும் அடைபட்டுவிடும்.

படி 1: எந்த நேரம் எது என்று பிரித்துப் பாருங்கள். எலாப்ஸ்ட் டைம் என்பது தொடக்கம் முதல் முடிவு வரை ஓடிய மொத்த நேரம். டைமர் என்பது பாஸ் போக மிஞ்சியது. மூவிங் டைம் என்பது நகர்ந்ததாக வாட்ச்சோ ஆப்போ கணக்கிட்டது. முதலும் இரண்டாவதும் வெகுவாக வேறுபட்டு, நீங்கள் அவ்வளவு நேரம் நிற்கவும் இல்லை என்றால், கோளாறு ஆட்டோ பாஸில்தான்.

படி 2: சரியான பயிற்சி வகையைத் தேர்ந்தெடுங்கள். நடப்பவர்கள் 'ரன்' வகையில் தொடங்குவது அடிக்கடி நடக்கிற தவறு. ஆப்பிள் வாட்ச்சில் ஆட்டோ பாஸ் ஓட்டத்துக்கும் சைக்கிளுக்கும்தான். 'வாக்' என்று தொடங்கினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஓட்ட வகையிலேயே மெதுவாக ஓடி, இடையிடையே நடப்பவர்கள் செட்டிங்ஸில் ஒர்க்அவுட் பகுதிக்குள் போய் ஆட்டோ-பாஸை அணைத்துவிடலாம்.

படி 3: கார்மின் வாட்ச் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் நிதானமாகச் செய்யுங்கள். ஐந்து பட்டன் மாடல்களில் முதலில் ஸ்டார்ட்டை அழுத்தி, 'வாக்' அல்லது 'ஹைக்' வகைக்கு வாருங்கள். இடப்பக்க நடுப் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். அந்த வகையின் செட்டிங்ஸில் ஆட்டோ பாஸ் இருக்கும். அணைக்கலாம், நின்றால் மட்டும் என்று வைக்கலாம், கஸ்டம் என்று வேக எல்லையை நீங்களே தரலாம். ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி அமைப்பு என்பதை மறக்க வேண்டாம். ஓட்டத்தில் அணைத்தது நடையில் அணையாது.

படி 4: மலை, படி, பாறை, காட்டுப்பாதை என்றால் யோசிக்காமல் அணைத்துவிடுங்கள். தட்டையான பாதையில் வாக்கிங் போகிறவர் சிக்னல் நேரத்தைக் கழித்தே ஆக வேண்டும் என்றால் கஸ்டம் வையுங்கள். உங்கள் சாதாரண வேகத்தை வைத்து எல்லையைப் போடாதீர்கள். ஏற்றத்தில் களைத்து நடக்கும்போது இருக்கும் வேகத்தில் பாதியைப் போடுங்கள். களைத்தபோது மணிக்கு 4 கி.மீ. என்றால் எல்லை 2. பேஸ், அதாவது ஒரு கிலோமீட்டர் கடக்க ஆகும் நேரம், என்ற கணக்கில் அது கிலோமீட்டருக்கு 30 நிமிடம். இங்கே எண் கூடக் கூட வேகம் குறைகிறது. அவசரத்தில் 12 என்று போட்டுவிட்டால், அது மணிக்கு 5 கி.மீ., அதற்குக் கீழே வந்த நொடியே வாட்ச் நின்றுவிடும்.

படி 5: சோதித்துப் பாருங்கள், பத்து நிமிடம் போதும். ஜிபிஎஸ் கிடைத்துவிட்டது என்று வாட்ச் காட்டும் வரை நின்று, பிறகு தொடங்குங்கள். மரம் இல்லாத இடத்தில் 3 நிமிடம் வழக்கம்போல் நடந்து, 1 நிமிடம் அசையாமல் நின்று, அடுத்த 3 நிமிடம் எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக நடங்கள். மெதுநடையில் வாட்ச் அதிர்ந்து பாஸ் ஆனால், வேக எல்லையை இன்னும் இறக்குங்கள். இதையே மரத்தடியிலும் ஒருமுறை செய்யுங்கள். அங்கேயும் மெதுநடையில் டைமர் நிற்காமல் ஓடினால்தான் அந்த எண்ணை நம்பலாம்.

நின்ற வாட்ச் மறுபடி ஓடத் தொடங்கச் சில நொடி பிடிக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் 5 நொடி தாமதம் என்றால் ஏறக்குறைய 7 மீட்டர் போச்சு. அல்சூரிலிருந்து எம்.ஜி. ரோடு வரை ஃபுட்பாத்தில் ஏறி இறங்கி 20 முறை நின்றால் 140 மீட்டர் கணக்கில் வராது. இதயத்துடிப்புச் சராசரியும் மாறும். நின்று இளைப்பாறிய நேரத்தின் துடிப்பு சேராததால், சராசரி கூடுதலாகத் தெரியும். டாக்டரிடம் காட்டுவதற்காகப் பதிவு செய்கிறவர்கள் ஆட்டோ பாஸை அணைத்தே வைப்பது நல்லது.

கையால் பாஸ் போட்டுக்கொள்ளலாமே என்றால், முடியும்தான். ஆனால் மறுபடி ஓடவிட மறந்தால் 140 மீட்டர் இல்லை, 2 கிலோமீட்டரே போகும்.

பெங்களூருவின் டிசிஎஸ் வேர்ல்ட் 10கே போன்ற ஓட்டப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தால், முந்தின நாள் இரவே ஆட்டோ பாஸை அணைத்து வையுங்கள். நீங்கள் தண்ணீர் குடிக்க நின்றாலும், போட்டியாளர் அணியும் சிப்பை வைத்து அமைப்பாளர்கள் கணக்கிடும் சிப் நேரம் நிற்காது. ஓட்டங்களைப் பதியும் ஸ்ட்ராவா ஆப்பில் அந்த ஓட்டத்தை 'ரேஸ்' என்று குறித்தால், பேஸை மொத்த நேரத்தை வைத்தே கணக்கிடும்.