பின்கண்ணாடி தானாக இறங்குகிறதா?

போர்ஷே 944 மாதிரிப் பழைய கார்களில் பின்கதவே ஒரு பெரிய கண்ணாடிதான், நல்ல கனம். திறந்து வைத்தால் மெல்ல இறங்குகிறதா? அதைத் தாங்கும் வாயுத் தண்டான கேஸ் ஸ்ட்ரட்டில் அழுத்தம் போய்விட்டது. உள்ளே இருப்பது உயர் அழுத்த நைட்ரஜன்; பிரித்துப் பார்க்கும் ஆசையே வேண்டாம். இருபக்க ஸ்ட்ரட்டுகளையும் சேர்த்தே மாற்றுங்கள், அதுவரை ஒருவர் கண்ணாடியைத் தாங்கிப் பிடிக்கட்டும். கதவு மூடியிருக்கும்போது ஸ்ட்ரட்டின் பளபளக்கும் கம்பி கீழ்நோக்கி இருப்பது நல்லது. உள்ளே உள்ள எண்ணெய், கசிவைத் தடுக்கும் ‘சீல்’ வளையத்தை நனைத்துக்கொண்டிருக்கும். கம்பியில் கிரீஸ் தடவினால் தூசிதான் ஒட்டும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

அப்புறம், சில பழைய கார்களில் கண்ணாடியைச் சூடாக்கும் மின்சாரமே ஸ்ட்ரட் வழியாகத்தான் போகிறது. முனையில் வயர் தெரிந்தால் முதலில் பேட்டரியைத் துண்டியுங்கள், அதே வகை ஸ்ட்ரட்டையே கேட்டு வாங்குங்கள்.