960 வெள்ளிக்கு ஒரு மேல்முறையீடு: கார் விபத்து வழக்கில் செய்யக்கூடாத தவறுகள்

சிங்கப்பூரின் தேக்கா கோப்பிக்கடையில் நண்பர் ஒருவர் நான்காக மடித்த தாளை மேசையில் பிரித்து வைத்தார். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி கார்நிறுத்துமிடத்தில் இரண்டு கார்கள் உரசிக்கொண்ட வழக்கு. பம்பர், முன்விளக்கு, பழுதுபார்த்த நாள்களுக்கு வாடகைக் கார் எல்லாம் சேர்த்து அவர் கேட்டது 4,800 வெள்ளி. இரு பக்கமும் தவறு, அதில் 40 விழுக்காடு இவருடையது என்று மாஜிஸ்திரேட் நீதிமன்றம் சொல்லிவிட்டது. "என் தவறு 20க்கு மேல் போகாது, அப்பீல் போகிறேன்" என்றார். தாளின் ஓரத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டினேன். அந்த 20 விழுக்காட்டு வித்தியாசம் வெறும் 960 வெள்ளி.

இந்தக் கணக்கைப் போடாமல் கிளம்புவதுதான் முதல் தவறு. நீதிமன்றக் கட்டணம், எதிர்த்தரப்பின் செலவுக்காக முன்கூட்டியே கட்டும் பிணைப்பணம், வழக்கறிஞர் செலவு எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். மேல்முறையீட்டில் தோற்றால் எதிர்த்தரப்பின் செலவில் ஒரு பகுதியும் பெரும்பாலும் நம் தலையில்தான் விழும். கோபத்துக்கு விலை உண்டு, ஆனால் அதை வெள்ளியில் எழுதிப் பார்க்கப் பலருக்கும் மனம் வருவதில்லை.

அடுத்தது, மேல்முறையீடு என்பது நம் உரிமை என்று நினைத்துக்கொள்வது. மாவட்ட நீதிமன்றமோ மாஜிஸ்திரேட் நீதிமன்றமோ தந்த தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்தின் பொதுப் பிரிவுக்குப் போக, வழக்கில் சர்ச்சைக்குரிய தொகை 60,000 வெள்ளியைத் தாண்டியிருக்க வேண்டும். தாண்டாவிட்டால் முதலில் அனுமதி கேட்க வேண்டும். பம்பர் வழக்குகளில் எது அந்தத் தொகையைத் தாண்டப்போகிறது? அனுமதி கொடுப்பதற்கான அளவுகோல் 1997இல் லீ குவான் இயூ எதிர் டாங் லியாங் ஹோங் வழக்கில் சொல்லப்பட்டது. (அரசியல்வாதிகளின் அவதூறு வழக்கு நம் பம்பரின் தலைவிதியை எழுதுகிறது, பாருங்கள்!) தீர்ப்பில் மேலோட்டமாகப் பார்த்தாலே தெரியும் பிழை இருக்க வேண்டும், அல்லது ஒரு பொதுவான சட்டக் கொள்கை முதன்முறையாக முடிவாகியிருக்க வேண்டும், அல்லது மேல்நீதிமன்றம் தீர்த்துவைத்தால் பொதுமக்களுக்குப் பயன்படும் முக்கியமான கேள்வி இருக்க வேண்டும். பிழை என்றால் சட்டப் பிழை. "நீதிபதி என் சாட்சியை நம்பவில்லை" என்பது அந்தக் கணக்கில் வராது.

நண்பர் அப்புறம் கைப்பேசியை எடுத்தார். எதிரில் வழக்கமாகக் கார் நிறுத்தும் அண்டை வீட்டுக்காரரின் கார் கேமராவில் பதிவான 14 நொடிக் காட்சி. மற்ற கார் நிற்காமல் வளைவது அதில் தெளிவாகத் தெரிகிறது. "இதை எப்போது வாங்கினீர்கள்?" என்றேன். தீர்ப்புக்குப் பிறகுதான் கேட்கத் தோன்றியதாம்.

எனக்குத் தெரிந்து அதிகம் பேரை ஏமாற்றும் இடம் இதுதான். மேல்முறையீடு மறுவிசாரணை அல்ல. கீழ்நீதிமன்றத்தில் வைத்த ஆதாரங்களைக் கொண்டே அது நடக்கும். புதிய ஆதாரத்தைச் சேர்க்க வேண்டுமானால் 1954ஆம் ஆண்டின் லாட் எதிர் மார்ஷல் என்ற ஆங்கிலேய வழக்கின் மூன்று கேள்விகளுக்கு பதில் சொல்ல வேண்டும். தக்க முயற்சி எடுத்திருந்தாலும் முதல் விசாரணையின்போது அது கிடைத்திருக்க வழியே இல்லையா? கிடைத்திருந்தால் முடிவை முக்கியமான அளவில் பாதித்திருக்குமா? நம்பத்தக்கதா? நண்பரின் காட்சி பின் இரண்டையும் தாண்டிவிடும். முதலாவதில் விழும். தினமும் எதிரில் நிற்கும் காரின் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றால், அது முயற்சி எடுக்காததுதான். கார் கேமராக்கள் பழைய பதிவின்மேல் புதியதைப் பதிந்துகொண்டே போகும் என்பதால், மோதிய அன்றே அக்கம்பக்கத்தில் விசாரிப்பதுதான் சரி.

கெடுவிலும் பலர் கோட்டை விடுகிறார்கள். மேல்முறையீட்டு அறிவிப்பைத் தாக்கல் செய்ய 14 நாள்தான். சனி, ஞாயிறும் அதில் சேர்த்தி. தீர்ப்பின் காரணங்கள் எழுத்தில் வரட்டும் என்று காத்திருந்தால் கெடு போய்விடும். அனுமதி தேவைப்படும் வழக்கில் அந்த மனுவையும் தள்ளிப்போட முடியாது.

மேல்முறையீடு போட்டுவிட்டோம், பணம் கட்ட வேண்டாம் என்று சும்மா இருப்பதும் ஆபத்து. தீர்ப்பை நிறுத்திவைக்கத் தனியாக உத்தரவு வாங்காவிட்டால், எதிர்த்தரப்பு வசூலில் இறங்கலாம்.

காப்புறுதி நிறுவனத்தை மறந்துவிடாதீர்கள். உங்கள்மீதான கோரிக்கையை அவர்களின் வழக்கறிஞர் நடத்தினால், வழக்கின் கடிவாளம் பெரும்பாலும் அவர்கள் கையில். அவர்களுக்குத் தெரியாமல் நீங்களாக எதையாவது செய்தால் ஒப்பந்தத்தையே மீறியதாக ஆகலாம்.

இன்னும் சில சின்ன விஷயங்கள். சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் வாகன விபத்துச் சேதத்தை எடுத்துக்கொள்ளாது, அங்கே அலைய வேண்டாம். யாருக்கும் காயமில்லாமல் 3,000 வெள்ளிக்குக் கீழ் உள்ள கோரிக்கை முதலில் ஃபிட்ரெக் (FIDReC) என்ற நிதித்துறைச் சச்சரவுத் தீர்வு நிலையத்துக்குப் போக வேண்டும். தமிழில் எழுதிய ஆவணத்தை அப்படியே நீட்ட முடியாது, ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். போக்குவரத்துக் குற்றத்துக்காகத் தனியாக வழக்கு வந்து, சீக்கிரம் முடியட்டும் என்று குற்றத்தை ஒப்புக்கொண்டால், பிறகு பொதுவாகத் தண்டனையை எதிர்த்துத்தான் மேல்முறையீடு செய்யலாம், குற்றத்தீர்ப்பை எதிர்த்து அல்ல. அந்தக் குற்றத்தீர்ப்பை இழப்பீட்டு வழக்கில் உங்களுக்கு எதிராகவும் காட்டலாம்.

நண்பர் தாளை மறுபடி நான்காக மடித்தார். அன்று தீர்ப்பு வந்து 11ஆம் நாள். காப்புறுதி நிறுவனத்திடம் இதுவரை ஒன்றும் சொல்லவில்லையாம். கோப்பி ஆறட்டும், முதலில் அவர்களை அழையுங்கள் என்றேன்.