புல் வெட்டும் இயந்திரத்தின் அலகை நீங்களே தீட்டலாம்

புல் வெட்டிய மறுநாள் குனிந்து ஒரு புல்தாளைப் பாருங்கள். நுனி நேராக அறுபட்டிருந்தால் அலகில் கூர் இருக்கிறது. நார்நாராகக் கிழிந்து பழுப்பேறியிருந்தால் மொட்டை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் கரைய, யாழ்ப்பாணத்து வளவுகளில் சுண்ணாம்புக்கல் தலைகாட்டும். கூரைத் தின்பது அதுதான். பனங்கொட்டையும் சேர்த்துப் பொறுக்கிய பிறகே வெட்டத் தொடங்குங்கள்.

தீட்டுமுன் ஸ்பார்க் பிளக்கின் வயரைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். இதை ஒருநாளும் மறக்காதீர்கள்; அலகைக் கையால் திருப்பினாலே எஞ்சின் உயிர்பெற்றுவிடலாம். பின்னர், காற்று வடிகட்டி மேலே வரும்படி சரியுங்கள். மறுபக்கம் சரித்தால் ஒயில் காபரேற்றருக்குள் இறங்கிவிடும்.

அலகில், நிலத்தைப் பார்க்கும் பக்கத்தில் பெயின்ற் பொட்டு ஒன்று வையுங்கள். அலகு சுழலாமல் மரக்கட்டையை முட்டுக்கொடுத்து, கையுறையுடன் நடு போல்டைக் கழற்றுங்கள். பெரும்பாலும் இடப்பக்கம் திருப்ப வேண்டும்.

அலகை வைஸில் இறுக்கி, தட்டை அரத்தால் அராவுங்கள். ஏற்கெனவே இருக்கும் சரிவையே பின்பற்றுங்கள். தள்ளும்போதுதான் அரம் வெட்டும், திரும்பும்போது தூக்கிவிடுங்கள். ஒரு முனைக்கு இருபது தள்ளு என்றால் மறுமுனைக்கும் இருபது. சவரக்கத்திக் கூர் வேண்டாம், கல்லில் பட்டதும் மடிந்துவிடும். பாணுக்குப் பட்டர் பூசும் கத்தியளவு போதும்.

அவசரத்தில் ஒருமுறை பட்டறையில் கொடுத்தேன். கிரைண்டரில் பொறி பறக்கத் தீட்டித் தந்தார்கள். விளிம்பு நீலம் பாரித்திருந்ததை அழகென்று நினைத்தேன். சூட்டில் எஃகின் பதம் போனதற்கு அடையாளம் அது. மூன்றாம் வெட்டிலேயே மொட்டை. அன்றிலிருந்து அரம்தான்.

இனிச் சமநிலை. சுவரில் அடித்த ஆணியில் அலகின் நடுத்துளையை மாட்டுங்கள். தாழ்கிற பக்கம் பாரம் கூடியது. அதன் கூர்ப்பக்கத்தை இன்னும் சற்று அராவுங்கள். இதைத் தவிர்த்தால் இயந்திரம் நடுங்கி, எஞ்சின் தண்டே பழுதாகும்.

பெயின்ற் பொட்டு நிலத்தைப் பார்க்க மாட்டி, போல்டை நன்றாக இறுக்குங்கள். ஏறக்குறைய 25 மணிநேர ஓட்டத்துக்கு ஒருமுறை இவ்வளவும் செய்யலாம். கல் கூடிய வளவென்றால் முன்னதாகவே. வெடிப்புக் கண்ட அலகை ஒட்டவைக்கக் கொடுக்காதீர்கள், புதிது வாங்குங்கள். ஒவ்வொரு முறை வெட்டி முடிந்ததும், அதேபோல் வயரைக் கழற்றிவிட்டு, அடியில் ஒட்டிய ஈரப்புல்லை மரத்துண்டால் சுரண்டிவிட்டால் துரு அண்டாது.